வாசகரைத் தேடிய கட்டுரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து, அமரவிளையில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி, உதியன்குளங்கரை வழியாகப் பாறசாலையை அடைந்து, இஞ்சிவிளையையும் பின்னே விட்டுக் களியக்காவிளைக்குள் நுழைகிற ஒருவர், கடைப் பலகைகளின் எழுத்து மாறியதைக் கொண்டுதான் தாம் மாநிலம் மாறிவிட்டதை உணர்வாரேயன்றி, மனிதர்களின் பேச்சைக் கொண்டு உணரமாட்டார். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியில் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்துக்குமாகப் பிரிந்துபோயின. மீனுக்கு விலை பேசும் கிழவியோ அன்றைக்கும் இன்றைக்கும் இரண்டு பக்கத்திலும் ஒரே குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சின் ஒரு சிறு மூலையைப் பற்றிக் கட்டுரை எழுதி, அதை ஓர் ஆய்விதழில் அச்சேற்றுவதற்கு இந்தப் பகுதிப் பெண்ணொருத்தி பட்ட பாடு, பட்டமேற்படிப்பு மாணவர்கள் ஆயிரக்கணக்கானோர் படுகிற பாட்டுக்கு ஓர் உதாரணமாக இருப்பதால், அதையே இவ்வாரம் சொல்ல எடுத்துக்கொண்டேன்.

அவளுடைய பெயர் வேண்டாம். தனுவச்சபுரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூர், பாட்டனார் பனையேறி, அவள் தமிழில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். ஆய்வுப் பொருள், பனைத் தொழிலாளரின் சொற்கள். பதநீரை இங்கே அக்கானி என்பார்கள். அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாகுமுன் பாகாய் எடுத்தால் கூப்பனி. ஏறுபவன் காலில் மாட்டிக்கொள்ளும் நார் வளையம் திளாப்பு. முதல் அடி எடுத்துவைக்க மரத்தில் சாய்க்கும் தடி முருக்குத்தடி. பனைகளும் குறைந்து, ஏறுகிறவர்களும் அருகி, அவர்களுடைய பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் போய்விட்ட காலத்தில், இச்சொற்களைக் கடைசியாகக் கேட்டு எழுதிவைக்கும் தலைமுறை தன்னுடையதுதான் என்று அந்தப் பெண் நம்புவதில் மிகையொன்றும் இல்லை.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மாலையில், கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் அவள் கைப்பேசியை நீட்டினாள்.

“நேத்து ராத்திரி பதினொரு மணிக்காக்கும் சாரே அனுப்பினது. காலம்பற பாத்தா, ஏத்தாச்சுன்னு வந்து கிடக்கு.”

“சந்தோஷப்பட வேண்டியதுதானே மக்களே?”

“அனுப்பின ஃபைலைத் திறந்து பாருங்க சாரே.”

திறந்து பார்த்தேன். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றுகையில் ஏதோ பிசகி, பன்னிரண்டு பக்கக் கட்டுரையில் ஏழு பக்கம் ரோமன் எழுத்தும் அடைப்புக்குறியும் கேள்விக்குறியுமாகச் சிதறிக் கிடந்தது. அக்கானி என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில், பேய் பிடித்தவன் தட்டச்சுப் பொறியில் விரலை ஓட்டியதுபோல ஒரு வரி. இதைத்தான் நிபுணர் இருவர் நுணுகி ஆராய்ந்து, மொழியியலுக்கு இது சிறந்த பங்களிப்பு என்று பாராட்டி, மூன்று நாளுக்குள் ரூ. 1,800 செலுத்தினால் அடுத்த இதழிலேயே பிரசுரித்துச் சான்றிதழும் அனுப்புவதாகத் தெரிவித்திருந்தார்கள். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதியதை நிராகரிப்பது ஒருவகை அவமரியாதை என்றால், எழுதியதைப் படிக்காமலே ஏற்றுக்கொள்வது அதனினும் பெரிய அவமரியாதையென்று அப்போது தோன்றிற்று.

இந்த மண்ணில் கல்விக்கு விதி வகுப்பது புதிய சங்கதி அன்று. களியக்காவிளைக்குத் தெற்கே, முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில், கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு திருமால் கோயிலைக் கட்டி, அதனோடு காந்தளூர்ச் சாலையின் மரியாதைகளைப் பின்பற்றி சாலை எனப்படும் ஒரு கல்விக்கூடத்தையும் நிறுவி, வேதசாகைவாரியாக 95 சட்டர்களுக்கு (மாணவர்களுக்கு) இடம் வகுத்து, அதையெல்லாம் செப்பேட்டில் பொறித்து வைத்தான். திருவனந்தபுரத்து ஹஜூர் கச்சேரியில் இருந்தமையால் ஹஜூர் ஆபீஸ் செப்பேடு என்று பெயர் பெற்ற அச்சாசனத்தை, து. அ. கோபிநாத ராவ் திருவாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் வெளியிட்டார். சேரவருகிறவன் வியாகரணத்திலும் புரோகிதத்திலும் பயிற்சி உடையவனாய், மூன்று ராஜ்யங்களின் விவகாரமும் அறிந்தவனாய் இருக்கவேண்டும், சக மாணவனை வைதால் தண்டம், ஆயுதத்தோடு திரியலாகாது. பாறசாலை என்ற பெயரிலும் ஒரு ‘சாலை’ ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று வாசகர் புருவத்தை உயர்த்தக்கூடும். அவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு உடனே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி அனுப்பிவிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படிப்பட்டவை ஏற்கெனவே போதுமான அளவு அச்சாகியிருக்கின்றன. நான் கவனித்தது வேறு: அந்தச் செப்பேடு மாணவனுடைய படிப்பையும் நடத்தையையும் கேட்கிறது, எத்தனை கட்டுரை போட்டாய் என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன், அறிஞர் பார்வைக்கு அனுப்பித் தேர்ந்து வெளியிடும் இதழொன்றில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்கவேண்டும் என்று அது நிர்ப்பந்தித்தது. 2016-ஆம் ஆண்டு விதிமுறை, அதனோடு கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசித்திருக்கவும் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் நாடெங்கும் ஆய்வு மாணவர் பெருகி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டுரையும் அதற்கு ஒரு கெடுவும் இருக்க, அவற்றை நிதானமாகப் படித்துச் சொல்ல ஆளும் இதழும் போதாதிருந்த நிலையில் என்ன நேரும் என்பதை, ஒரே ஒரு பஸ்ஸுக்கு ஊர் முழுதும் காத்திருக்கும் கூட்டுரோட்டில் வளர்ந்த எவரும் ஊகித்திருக்கலாம். ஜீப்புக்காரன் வருவான், கேட்ட கூலியைக் கொடுத்து ஏறித்தான் போகவேண்டும்.

ஜீப்புக்காரன் வந்தான். 2013-இல் ஜான் பொஹானன் என்ற விஞ்ஞானப் பத்திரிகையாளர், வேண்டுமென்றே தவறுகள் நிரப்பிய ஒரு பொய்க் கட்டுரையைப் பல புனைபெயர்களில் 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்ததில் 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. அந்த இதழ்களின் இருப்பிடங்களைத் தேடிப் பார்த்தபோது முதலிடம் நம் தேசத்துக்குக் கிடைத்தது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமத்துக்கு எதிராக, ஆசிரியர்களை ஏமாற்றியதற்காக, அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2019-இல் 5 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. மானியக் குழுவும் சும்மா இருக்கவில்லை. 2017-இல் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. பூஷண் பட்வர்தனும் அவருடைய சகாக்களும் அப்பட்டியலில் பல்கலைக்கழகங்கள் சிபாரிசு செய்து நுழைந்த இதழ்களில் ஒரு பகுதியைச் சோதித்து, அவற்றில் 88 சதவீதம் தரமற்றவையாக இருக்கக்கூடும் என்று 2018-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினர். அவ்வாண்டு மே மாதத்திலேயே 4,305 இதழ்களைக் குழு பட்டியலிலிருந்து நீக்கிற்று. நேற்றுவரை அங்கீகாரம் பெற்றிருந்த இதழில் பணங்கட்டிப் போட்ட கட்டுரை, மறுநாள் காலையில் செல்லாக்காசாயிற்று.

2019-இல் புதிய பட்டியல் பிறந்தது. அதன் சுருக்கப் பெயரை நம் மாணவர்கள் ‘கேர்’ என்று வழங்கினார்கள். “கேர்ல போட்டாச்சா?” என்பது குசலம் விசாரிப்பதுபோல் ஆகிவிட்டது. உடனே நல்ல இதழ்களுக்குப் போலி இதழ்கள் முளைத்தன: அதே பெயர், அதே வரிசை எண், அதே அட்டை, பணம் கட்டும் இணையதளம் மாத்திரம் வேறு. 2022 நவம்பரில் வந்த விதிமுறை கட்டுரை வெளியிடும் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையும் கைவிட்டு, இதழின் தரத்தைக் கல்வி நிலையங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று மானியக் குழு அறிவித்துவிட்டது. பதினாறு ஆண்டுகளுக்குள் ஒரு பூட்டு பூட்டப்பட்டு, மேலே இன்னொரு பூட்டு போடப்பட்டு, பின்பு இரண்டும் கழற்றப்பட்டன.

அப்படியானால் சுதந்திரம் வந்துவிட்டதா என்று நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவளுக்குச் சட்டம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. பட்டத்துக்குக் கட்டாயமில்லையென்றாலும், பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் பட்டியல் தயாரிக்க 2018-இல் வகுத்த அட்டவணையில், வெளியான கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், மொத்தத்தில் 10 வரை உண்டு. ஐந்து கட்டுரை உள்ளவளுக்கும் ஒன்றுகூட இல்லாதவளுக்கும் நடுவே பத்து மதிப்பெண் நிற்கிறது. “பட்டம் பேப்பர் இல்லாம கிட்டும் சாரே. ஜோலி கிட்டாது” என்றாள். விதியை எழுதுகிறவர்கள் வாசலில் பூட்டைக் கழற்றிக் கொல்லைப்புறத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்தத் தலையங்கமும் சொல்லிப் படித்ததில்லை.

ஆகவே அவள் கட்டுரையைச் சரியான எழுத்துருவில் மறுபடியும் அடித்து, பணம் கேட்காத ஒரு தமிழ் ஆய்விதழுக்கு அனுப்பினாள். மூன்று மாதங்கழித்து வந்த பதில் இரண்டு வரி: அக்கானி முதலிய சொற்கள் மலையாளக் கலப்புடையவையாய்த் தோன்றுவதால், அவற்றைப் பதநீர் முதலான நல்ல தமிழ்ச் சொற்களாக மாற்றி அனுப்பினால் பரிசீலிக்கப்படும். பனையேறியின் சொற்களைத் தொகுக்கும் கட்டுரையில் பனையேறியின் சொற்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்பதை அந்த இதழ்க்காரர் யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு அதையே மலையாளத்தில் எழுதி அப்பக்கத்து இதழொன்றுக்கு அனுப்பினாள். இவை தமிழ்ச் சொற்களாயிற்றே, தமிழ் இதழுக்கு அனுப்புவதல்லவா பொருத்தம் என்று பதில் வந்தது. எல்லையோரத்து மனிதன் ரேஷன் கார்டுக்கும் ஜாதிச் சான்றிதழுக்கும் இரண்டு கச்சேரிக்கும் நடையாய் நடந்து பழகியவன். அவனுடைய சொற்களுக்கும் அதே கதிதான் போலும்.

இங்கிலீஷில் எழுதினால் என்ன என்று அவளுடைய நெறியாளர் யோசனை சொல்லியிருக்கிறார். சொல்வது எளிது. அக்கானியை ரோமன் எழுத்தில் மேலும் கீழும் கோடிட்டுப் புள்ளியிட்டு எழுதவேண்டும். வெளிநாட்டு இதழின் பாணியில் முந்தைய ஆய்வுகளைப் பட்டியலிடவேண்டும். அந்த முந்தைய ஆய்வுகளைப் படிக்க வழி வேண்டும். இதில் கடைசிக் குறைக்கு ஓரளவு பரிகாரம் பிறந்திருப்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ‘ஒரே தேசம், ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு சார்ந்த உயர்கல்வி நிலையத்தார் இப்போது படிக்கலாம். காரியவட்டத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு ஆம்ஸ்டர்டாமில் அச்சாவதைப் படிக்க முடிகிறது. பனச்சமூட்டுச் சந்தையில் பேசுவதை அச்சிடத்தான் வழி காணோம்.

திருட்டெழுத்தைப் பிடிக்கும் மென்பொருளின் கதை தனி. 2018-ஆம் ஆண்டு விதிப்படி பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு பத்து சதவீதத்துக்கு மேற்போனால் தண்டனைப் படிகள் தொடங்குகின்றன. கல்வெட்டு வாசகத்தை உள்ளபடி எடுத்தாளாமல் கல்வெட்டாராய்ச்சி செய்ய இயலாது. எடுத்தாண்ட பகுதியைப் பொறி விலக்கிக் கணக்கிடவேண்டுமென்று விதியிலேயே இருந்தாலும், மேற்கோளைச் சரியாக இனங்காணாத பொறி ஆயிரம் ஆண்டுப் பழமையான சாசனத்தைத் திருட்டென்று சிவப்பில் காட்டினால், அதை அதிகாரிக்கு விளக்க மாணவன் ஒரு வாரம் அலைகிறான்.

பழங்காலத்தில் எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்லுகிற கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் நான். நான் இளைஞனாய் இருந்தபோது, கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்து பதிவுத் தபாலில் அனுப்பிய என் முதல் கட்டுரை, பதினான்கு மாதங்கள் கழித்து வெளிவந்தபோது, என் பெயருக்கு மேலே, அதில் ஒரு வாக்கியத்தைக்கூடப் படித்திராத ஒரு பெரியவரின் பெயரும் அச்சாகியிருந்தது. கேட்டதற்கு, அந்தப் பெயர் இருந்ததால்தான் போட்டார்கள் என்ற பதில் கிடைத்தது. இன்றைக்கும் அது மாறவில்லையென்று மாணவர்கள் சொல்லுகிறார்கள்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் போதித்த பெ. சுந்தரம் பிள்ளை, கால்டுவெல் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வைத்துப்போன திருஞானசம்பந்தரை ஏழாம் நூற்றாண்டுக்குப் பின்னாக வைக்க இயலாது என்று நிறுவிய கட்டுரை, முதலில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் சஞ்சிகையில் வந்து, பிறகு 1895-இல் நூலாயிற்று. படிக்கிறவர்கள் இருந்தார்கள், மறுக்கிறவர்களும் இருந்தார்கள், ஆகவே அது நின்றது. அவருடைய பெயரையே தாங்கித் திருநெல்வேலியில் 1990-இல் தோன்றிய பல்கலைக்கழகத்துக்குத்தான் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் ஆய்வேடு சமர்ப்பிக்கப் போகிறார்கள். அவர் வாழ்ந்து கற்பித்த ஊரின் பல்கலைக்கழகத்துக்குப் பாறசாலைப் பிள்ளைகள் போகிறார்கள். காந்தளூர்ச் சாலையில் ராஜராஜன் அறுத்த கலம் கப்பலா, உண்கலமா என்ற வாதத்தில், டாக்டர் பட்டம் எதுவும் இல்லாத பள்ளி ஆசிரியரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தனிநூலே எழுதினார். அவருடைய பட்டத்தை யாரும் கேட்கவில்லை, பிரமாணத்தைக் கேட்டார்கள். ராமானுஜனுடைய முதல் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவருமுன், இதழாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அது விளங்கவில்லையென்று பலமுறை திருப்பியனுப்பித் திருத்தி வாங்கினார் என்பது பிரசித்தம். திருப்பியனுப்பினார் என்பதைவிட, விளங்கும்வரை விடாமல் படித்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நமக்குக் கிட்டத்திலேயே இன்னொரு முன்மாதிரி உண்டு. நாகர்கோவில் வடசேரியில் பிறந்து, இந்தியானா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பிய வ. ஐ. சுப்பிரமணியம், திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியற் கழகத்தைத் தோற்றுவித்து, 1972-இல் திராவிட மொழியியலுக்கென்று ஒரு பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். தமிழா மலையாளமா என்று கேட்டுத் திருப்பியனுப்ப அவசியமில்லாத மேடை அது. திராவிடம் என்ற சொல்லுக்குள் இரண்டும் அடங்குகின்றன. பாளையங்கோட்டையில் நா. வானமாமலை 1969-இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’யும் அவ்விதமே, நாட்டார் வழக்கைத் தாழ்வாய்க் கருதாத ஆசிரியர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஓர் இதழ் என்பது ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் பட்டியலில் ஓரிடமும் என்று நினைக்கிறவர்களுக்கு, அது முதலில் ஒரு நாற்காலியும் அதில் உட்கார்ந்து படிக்கிற ஒரு மனிதரும் என்பது மறந்துபோயிற்று.

அந்தப் பெண் நான்காம் முறை ஒரு சிறிய இதழுக்கு அனுப்பினாள். ஐந்து மாதம் சத்தமேயில்லை. ஆறாவது மாதம், முகந்தெரியாத யாரோ ஒருவர் எழுதிய நான்கு பக்கக் குறிப்பு வந்தது, பத்தொன்பது கேள்விகள். முதல் நான்கு கேள்விகளைப் படித்து அழுதாளாம். முன்னுரை நீளம், மேற்கோள் தவறு, ஒரே கருத்து இருமுறை, முடிவில் ஆவேசம். பதினோராவது கேள்வியில்தான் அழுகை நின்றதாகச் சொன்னாள். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்திருக்கும்போதும் தோளில் எடுத்துப் போகும்போதும் ஒரே பெயரால் சொல்கிறார்களா, தடியின் பாகங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டா, கட்டுரையில் அதற்கு விடை இல்லையே என்று கேட்டிருந்தார் அந்த மனிதர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்னையும் கூட்டிக்கொண்டு, வெள்ளறடைப் பக்கம் ஒரு கிழவனார் வீட்டுக்குப் போனாள். தொழிலை விட்டு இருபது வருஷமாகியும் மார்பிலும் கைகளிலும் பனை உராய்ந்த தழும்பு தடித்திருக்கிற மனிதர். கேள்வியைக் கேட்டதும் சற்று நேரம் அவளையே பார்த்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, பரணில் கிடந்த தடியைப் புகையும் ஒட்டடையுமாக இறக்கச் சொல்லி, துண்டால் துடைத்து, தோளில் ஒருமுறை வைத்துக் காட்டி, முற்றத்துத் தென்னையில் சாய்த்து, நுனியில் விரலை வைத்துக்கொண்டார்.

“இதை இதுவரைக்கும் ஒருத்தனும் எனட்ட கேட்டதில்லை பாத்துக்க” என்றார். “எழுதிக்க மக்களே. மேலேருந்து சொல்லுதேன்.”